ஏழாவது வார்டின் கையெழுத்து

ஜூன் 26, வியாழன்

அம்மா வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஐந்து நாள்.

அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். நோட்டில் எழுத முடியாது. பள்ளிக்கூடப் பையை அப்பா எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்ப்பார். அதனால் பரணில் கிடக்கும் தேர்தல் நோட்டீஸ் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா எங்கள் மணலோடைப் பேரூராட்சியில் ஏழாவது வார்டுக்கு நின்றபோது அடித்தவை. ஒரு பக்கம் அம்மா கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. எழுதி முடித்ததும் கட்டின் நடுவில் செருகி வைத்துவிடுவேன். முடிந்துபோன தேர்தலின் நோட்டீஸை யார் பிரிக்கப் போகிறார்கள்?

ஜெயித்தது அம்மா. ஆனால் ஊரில் கவுன்சிலர் என்றால் அது அப்பாதான். பைக்கில் ‘கவுன்சிலர் தங்கப்பழம்’ என்று எழுதியிருக்கிறது. அம்மா ‘டெய்லர் செல்வி’. தேரடி பஜாரில் பாத்திரக் கடை மாடியில் அம்மாவுக்குத் தையல் கடை. முழுப் பெயர் மாரிச்செல்வி. அதைக் கையெழுத்தில்தான் பார்க்கலாம்.

சண்டை ஒரு காலி இடத்துக்காக. பஜாரில் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த இடம். அங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட வேண்டும் என்று அம்மா ஒன்றரை வருஷம் நடந்து தீர்மானம் வாங்கினாள். இப்போது அப்பா அங்கே பைக் ஸ்டாண்டு வர வேண்டும் என்கிறார். குத்தகைக்கு எடுக்கப்போகிறவர் அவருடைய சிநேகிதர். முதல் தீர்மானத்தை ரத்து செய்ய அம்மா கையெழுத்தும் வேண்டும். அம்மா மாட்டேன் என்றாள்.

அன்று அப்பா கை ஓங்கினார். அவ்வளவுதான். அம்மாதான் பின்னால் போய்க் கட்டிலில் இடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் தூத்துக்குடியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். “பத்தாவது படிக்க. பள்ளிக்கூடத்த மட்டும் விட்ராத” என்றாள். 

கட்டிலுக்கு அடியில் பச்சை வளையல் துண்டுகள் கிடந்தன. பெருக்கிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

இன்று நான் ஒன்று செய்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாது.

பேரூராட்சிக் கூட்டம் காலையில். சாயங்காலம் பில் கலெக்டர் சண்முகவேல் மாமா வருகைக்கும் தீர்மானத்துக்கும் கையெழுத்து வாங்கும் நோட்டோடு வீட்டுக்கு வந்தார். இது எப்போதும் நடப்பது. பதினைந்து வார்டில் எட்டுப் பேர் பெண்கள். கூட்டத்தில் அவர்கள் நாற்காலியில் அவர்கள் வீட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு நோட்டு வீடு வீடாகப் போகும். தலைவர் அம்மாவுக்கே அவர் கொழுந்தன் வழியாகத்தான் போகுமாம். அம்மா மட்டும்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரில் போவாள். அதற்கும் அப்பா ஏசுவார்.

“மதினி இல்லையா, கவுன்சிலரே?” என்று மாமா கேட்டார்.

“குளிச்சிட்டு இருக்கா. நீரு காப்பியக் குடியும், வாங்கிட்டு வாரேன்” என்று அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். குளியலறைக் கதவு திறந்துதான் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு காப்பியைப் பார்த்துக் குடித்தார்.

அப்பா நோட்டை என் முன்னால் வைத்தார். “போடு.”

அம்மா கையெழுத்து எனக்கு வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். வாயில் ஊசியும் மடியில் துணியுமாக இருக்கும்போது கூரியர்காரர் வந்தால், “ஏட்டி சுடர், எம்பேரப் போட்டு வாங்கு” என்பாள். எட்டாவதிலிருந்து போடுகிறேன். அப்போதெல்லாம் அது ஒரு விளையாட்டு.

நான் பேனாவை எடுக்கவில்லை. அப்பா கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். “தொடர்ந்து மூணு கூட்டம் போகலேன்னா பதவி போயிரும். பதவியும் போச்சுன்னா உங்கம்மா எதுக்கு இந்த ஊருக்கு வாரா? யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். அம்மாவுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? கடை வாடகைக்கு. வீடு அப்பாவுடையது. ஏழாவது வார்டு ஒன்றுதான் அவள் பெயரில் இருக்கிறது. அது இருந்தால் என்றைக்காவது வந்துதானே ஆக வேண்டும்?

போட்டேன். தெருவிளக்கு, குப்பை வண்டி டயர் என்று சாதாரணத் தீர்மானங்கள்தான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

அம்மாவோடு பேசினேன்!

பள்ளிக்கூடம் விட்டுப் பஜார் வழியாக வந்தபோது முத்துப்பேச்சி அத்தை கூப்பிட்டாள். அவள் அம்மா கடைக்குக் கீழே வெற்றிலை விற்கிறவள். சொந்தமில்லை. அம்மா அவளை மதினி என்பதால் எனக்கு அத்தை. ஓலைப் பெட்டிக்கு அடியிலிருந்து போனை எடுத்து, “உங்கம்மா. சீக்கிரம் பேசு. உங்கப்பன் வந்தா நான் யாவாரத்தப் பாப்பனா, ஒன்னைய ஒளிப்பனா?” என்றாள்.

அம்மா முதலில் சாப்பாடு கேட்டாள். பிறகு தலை யார் பின்னுகிறார்கள் என்று கேட்டாள். நானே பின்னுகிறேன் என்றேன். “ரெட்டைச் சடைக்கு வகிடு நேரா வருதா?” நேராக வருவதில்லை. வருகிறது என்றேன்.

“கூட்டம் நடந்துச்சா?”

“நடந்துச்சும்மா.”

“நோட்டு வீட்டுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்பா என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல.” அத்தை பக்கத்திலேயே நின்றாள். 

“சரி, ஒண்ணு ஆச்சு” என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது. ஒரு மாதம் ஆகப்போகிறது என்பதைச் சொல்கிறாளோ? இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லையே.

ஜூலை 9, புதன்

வீட்டுக்குள் நுழையும்போதே “அம்மா, கணக்குல தொண்ணூத்தொண்ணு” என்று கத்திவிட்டேன். பிறகு பையைக் கழற்றினேன்.

ஜூலை 19, சனி

இன்று பஜாரில் தென்காசி பஸ்ஸும் வாழைத்தார் லாரியும் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் பைக் வரிசை. அரை மணி நேரம் ஒரே ஹாரன். அப்பா வந்தார். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவில் இறங்கினார். எந்த பைக் யாருடையது என்று அவருக்குத் தெரிகிறது. “ஏல, ஜவுளிக்கடை! ஒன் வண்டிய எடு. சேர்மத்துரை, மாமனார் வீட்டு முற்றம்னு நெனப்போ?” எல்லாரும் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் பஸ் போய்விட்டது. டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதக் கூடாதா?

பைக் நிறுத்த இடம் இல்லாததால்தான் ஜனம் துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் டவுனுக்குப் போகிறது, பஜார் செத்துக்கொண்டிருக்கிறது என்று அப்பா சொல்வது பொய்யில்லை. ஸ்டாண்டு வேண்டும்தான். ஆனால் அதே இடத்தில்தானா?

அந்த இடத்தை அம்மா அளந்த நாள் ஞாபகம் வந்தது. சர்வேயர் மூன்று தடவை சொல்லியும் வரவில்லை. அம்மா கடையிலிருந்து இறங்கிப் போய், கழுத்தில் தொங்கிய தையல் டேப்பாலேயே தரையில் குந்தி அளந்தாள். பஜாரே சிரித்தது. “செல்வி, பூமாதேவிக்கு ஜாக்கெட்டா?” என்று கேட்டது முத்துப்பேச்சி அத்தைதான். அம்மா நிமிராமல், “கை வைக்கவா வேண்டாமான்னு கேட்டுச் சொல்லுங்க மதினி” என்றாள்.

பஜாரில் உட்கார்ந்து விற்கிற பெண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். காலையில் ஒரு காப்பி, அதற்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பார்கள். அம்மா மாதத்தில் மூன்று நாள் கடையே திறக்க மாட்டாள். தையல் கொடுத்தவர்கள் திட்டுவார்கள். அவள் கரண்டு இல்லை என்று சொல்லுவாள்.

ஜூலை 31, வியாழன்

கையில் இன்னும் மை வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் பேனா மை போகவில்லை.

அப்பா முட்டைப் பரோட்டா வாங்கி வந்தார். சால்னாவைத் தனியாக ஊற்றிக் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அதனாலேயே எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு சண்முகவேல் மாமா வந்தார். இந்தத் தடவை அவர் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நோட்டை நீட்டினார்.

வருகைக்கு ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. நான் படித்தேன்.

‘தீர்மானம் எண் 14. தேரடி பஜார் பழைய தண்ணீர்த் தொட்டி இடத்தில் மகளிர் கழிப்பிடம் கட்டுவது என முன்னர் நிறைவேற்றிய தீர்மானத்தை ரத்து செய்து, அவ்விடத்தில் இரு சக்கர வாகன நிறுத்துமிடம் அமைத்துக் குத்தகைக்கு விடுவது மன்றத்தின் அனுமதிக்கு.’

ஆதரித்து ஏழு கையெழுத்து இருந்தது. எட்டு வேண்டும்.

“படிக்கதுக்கா குடுத்தேன்?” என்றார் அப்பா.

“வருகைக்கு மட்டும் போடுதேன்ப்பா.”

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். மாமா வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா என் சடையைப் பிடித்தார். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். “ஒண்ணு போட்டு ஒண்ண விட்டா சந்தேகம் வராதா? போன மாசம் போட்டது யாருன்னு ஆபீசுல கேப்பாங்க. போலீசு ஒன்னையத்தான் கேக்கும், என்னைய இல்ல.”

இரண்டும் போட்டேன்.  அச்சாக அம்மா கையெழுத்தாகத்தான் வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

அத்தை போனில் அம்மா. “ரெண்டு ஆச்சுல்ல? இன்னும் ஒண்ணுதான் சுடர்.” சிரித்தாள். பெரியம்மா வீட்டுப் பக்கத்தில் சீருடை தைக்கிற இடத்தில் வேலை செய்கிறாளாம். ஒரு நாளைக்கு நாற்பது காலர். “காலரா வச்சு வச்சு மனுசங்களுக்குக் கழுத்து மட்டுந்தான் இருக்குன்னு தோணுது” என்றாள்.

இன்னும் ஒன்று என்றால் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆபீஸ் பலகையில் தீர்மானத்தை ஒட்டிவிட்டார்கள். ஆதரித்தவர்கள் கையெழுத்துப் பக்கத்தின் நகலோடு.

நான் பஜாருக்குள் வந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. முத்துப்பேச்சி அத்தை வெற்றிலையைத் தண்ணீர் தெளித்துத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன வேணும்? வெத்தலையா? ஒங்க வீட்டுல இனி தாம்பூலம் மாத்துவீங்க. நல்ல கொழுந்தாத் தரட்டா?”

“அத்த, அம்மாட்ட ஒரு நிமிசம்...”

“உங்கம்மாளுக்கு நல்ல கையெழுத்துட்டி. பலகையில பாத்தேன். ஏழாவது வார்டுன்னு முத்து முத்தா.” பிறகு குரல் உடைந்தது. “தரையில குந்தி அளந்தாளே. நான் கேலி பண்ணுனேனே அவள. அந்தக் கையாட்டி இதையும் போட்டுச்சு?”

போன் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்தேன். சுத்தமாக இருந்ததையும் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வார்டுக் கொடியேற்றத்தில் அம்மா பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அப்பா போய் ஏற்றினார். எல்லாரும் கை தட்டினோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பஜாரில் ஒரே சிரிப்பு. எனக்கும் வந்தது.

பதினோரு மணிக்குப் பெண்கள் எல்லாரும் பெட்டியை மூடிவிட்டுப் பேரூராட்சி ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். மனு இல்லை, கோஷம் இல்லை. முத்துப்பேச்சி அத்தை நேராகச் செயல் அலுவலர் அறை வாசலில் நின்று, “இ.ஓ. சார், கக்கூஸ் சாவி” என்று கேட்டாளாம். ஆபீஸ் கழிப்பறை ஒன்றுதான். பொதுமக்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. வரிசை வாசல்வரை நின்றதாம். ஒரு மணி நேரம் ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லையாம். “நாளைக்கும் வருவோம் சார். தண்ணி டாங்கி நெறச்சு வையுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்களாம்.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

அம்மா இருந்திருந்தால் அந்த வரிசையில் முதலில் நின்றிருப்பாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும். கண்ணீர் பட்டு இரண்டு நோட்டீஸ் வீணாகிவிட்டது.

முத்துப்பேச்சி அத்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. இன்று பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அடிப்பாள் என்று நினைத்தேன். பாயில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திருப்பியபடியே பேசினாள்.

“போன் போட்டு உங்கம்மாவக் கேட்டுட்டேன். ஏளா செல்வி, மனசறிஞ்சுதான் போட்டியான்னு. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ‘ஆமா மதினி, நாந்தான் போட்டேன். சுடரக் கேக்காதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னா. வச்சிட்டா.”

 அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கு அவள் கையெழுத்து வரும்?

“என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா?” அத்தை இப்போது என் பக்கம் திரும்பினாள். “மூணு கூட்டம் போகாம இருந்தா பதவி தானாப் போயிரும் மதினி. பதவி போச்சுன்னா என் கையெழுத்துக்கு வெல இல்ல. எவனும் அதுக்காக என் முடியப் பிடிக்க மாட்டான். அன்னைக்கு நான் பாட்டுக்கு வந்து கடையத் தொறந்து தைப்பேன்னா. பிள்ளைகிட்டச் சொல்லலியான்னு கேட்டேன். வேண்டாம், அவ அப்பன் கேட்டா சொல்லிருவா, அவளுக்குப் பொய் சொல்ல வராதுன்னா. அப்படிச் சொன்னவ, எந்தக் கூட்டத்துக்கு வந்து எப்பப் போட்டா? எனக்குப் புரியலட்டி.”

எனக்குப் புரிந்தது. ஒண்ணு ஆச்சு. ரெண்டு ஆச்சு. அம்மா எண்ணியது மாதத்தை இல்லை. வீட்டுக்கு வரும் வழியை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்து அந்த வழியை அடைத்திருக்கிறேன். அவள் வர வேண்டும் என்றுதான் அடைத்தேன்.

அத்தையிடம் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. “கஞ்சி வைக்கட்டுமா அத்த?” என்றேன். வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கூட்டம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நோட்டு வந்தது. அப்பாவுக்கு அவசரம். வாசலில் ஸ்டாண்டு சிநேகிதர் காத்துக்கொண்டிருந்தார். “சட்டுனு போட்டுக் குடு” என்று பேனாவைக் கொடுத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி நின்றார்.

வார்டு 7 என்ற வரிசையில் ‘த. சுடர்க்கொடி’ என்று எழுதினேன். பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல முழுசாக. மூடிக் கொடுத்தேன். அப்பா திறந்து பார்க்கவில்லை. சண்முகவேல் மாமா பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எப்போது தெரியும்? நாளைக்கா? திங்கட்கிழமையா? 

செப்டம்பர் 1, திங்கள்

மதியத்துக்கு மேல் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பைக்கில் ஏற்றிக்கொண்டார். நேரே பேரூராட்சி ஆபீஸ்.

இ.ஓ. சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர்தான் என்னைவிடப் பயந்தவர் மாதிரி இருந்தார். நோட்டைத் திருப்பி வைத்து, “இது யார் பேர் பாப்பா?” என்றார்.

“என் பேர் சார்.”

“விளையாட்டுப் பிள்ள சார்” என்றார் அப்பா.

“அதான் நானும் நெனச்சேன். ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல மேடத்த ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இத்தோட முடிஞ்சிரும். பெருசு பண்ணுனா எல்லாருக்கும் சங்கடம், பாத்துக்கோங்க.” ‘எல்லாருக்கும்’ என்று சொல்லும்போது நோட்டின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார்.

“சாயங்காலமே வாங்கிட்டு வாரேன்” என்றார் அப்பா. சண்முகவேல் மாமா ஸ்கேலை எடுத்து நீட்டினார். அப்போது என்னைப் பார்த்து, “கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. இருபத்தொரு வயசு ஆகட்டும், எலெக்‌ஷன்ல நீயே நின்னுக்கோ” என்றார்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கையெழுத்து. அதையும் நான்தான் போட வேண்டியிருக்கும். அம்மா தூத்துக்குடியிலேயே காலர் தைத்துக்கொண்டிருப்பாள்.

அறைக்கு வெளியே கழிப்பறை வரிசை நின்றது. முத்துப்பேச்சி அத்தை காய்ச்சல் விட்டு வந்திருந்தாள். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மூன்றாவதாக நின்றாள்.

“முந்தின ரெண்டும் நான்தான் சார் போட்டேன்” என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்தார்.

“என்னட்டி சொன்ன?” அத்தை வரிசையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். “சத்தமாச் சொல்லு.”

“ஜூன்லயும் ஜூலைலயும் அம்மா வரல. ஜூன் இருவத்திரெண்டுல இருந்து அம்மா ஊருலயே இல்ல. பதினாலாம் தீர்மானத்துலயும் அம்மா போடல. எல்லாம் நான் போட்டது.”

யாரோ பேசுவதுபோலக் கேட்டது. வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. மீன்கார இசக்கி அக்கா, “அப்போ எட்டு இல்ல. ஏழுதான்” என்றாள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இ.ஓ. சாரிடம் சொன்னாள்.

“எழுதிக்கிடுங்க சார். பிள்ள சொல்லுதுல்ல. மூணு கூட்டமா செல்வி வரல. முப்பது பேரு கேட்டுட்டு நிக்கோம். கோடு போட்டு எத்தன பேர் வாய அடிப்பீங்க?”

இ.ஓ. சார் நோட்டின் மேலிருந்து கையை எடுத்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அப்பா அடித்தார். நான் எதிலும் போய் இடித்துக்கொள்ளவில்லை. அப்பாதான் அடித்தார். ஜூனில் அம்மாவையும் அப்படித்தான் அடித்தார். அன்றைக்கு நான் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். அது பொய்.

அடித்து முடித்துவிட்டு அவர் அழுதார். “ஊருல எந்த மொகத்த வச்சிட்டு நடக்க?” என்று கேட்டார். 

செப்டம்பர் 5, வெள்ளி

அத்தை தானே போன் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

“நான்தாம்மா உன்னைய வரவிடாமப் பண்ணிட்டேன்” என்றேன். அதற்கு மேல் முடியவில்லை.

அம்மா நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். “நான் உன்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும் சுடர். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன் பாரு. என் தப்பு.” பிறகு கேட்டாள், “உன் பேரையா போட்ட? முழுப் பேரையுமா?”

“ஆமா.”

“பயமா இல்லியாட்டி?”

“இருந்துச்சு. இப்பவும் இருக்கு.”

“எனக்குந்தான்” என்றாள். அம்மா இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “நான் வருவேன். ஆனா அந்த வீட்டுக்கு இல்ல.”

செப்டம்பர் 14, ஞாயிறு

பதினாலாம் தீர்மானத்தை நிறுத்தி வைத்திருப்பதாகவும், ஏழாவது வார்டு உறுப்பினர் மூன்று கூட்டத்துக்கு வராதது பற்றி மேலே எழுதியிருப்பதாகவும் வெள்ளிக்கிழமை பலகையில் ஒட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி இடத்தில் ஸ்டாண்டுக்குத் தோண்டிய குழி அப்படியே கிடக்கிறது. கழிப்பிடம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. வரிசை மட்டும் தினமும் போகிறது. இடைத்தேர்தல் வந்தால் அப்பா தன் தம்பி மனைவியை, என் சித்தியை, நிறுத்தப் போகிறாராம். சித்தி அவர் போனை எடுப்பதில்லை.

இன்று நாலு மணி பஸ்ஸில் அம்மா வந்தாள். நான் இரண்டு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். இளைத்திருக்கிறாள். இறங்கியதும் முதலில் என் தலையைத்தான் பார்த்தாள். வகிடு கோணலாக இருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே ரிப்பனை அவிழ்த்துப் பின்னிவிட்டாள். பின்னி முடித்தும் கையை எடுக்கவில்லை.

கடை மாடியில் அவளுக்குப் பாய் விரித்துக் கொடுத்தேன். முத்துப்பேச்சி அத்தை சோறு கொண்டுவந்தாள்.  “ஏசிட்டேன் செல்வி” என்றாள் அத்தை. “ஏசாம என்ன செய்வீங்க மதினி?” என்றாள் அம்மா. அம்மா என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. “உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா” என்று மட்டும் சொன்னாள்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். “வந்துட்டாளாமே” என்றார். ஆமாம் என்றேன். “நீ அங்க போனா இங்க வரக் கூடாது” என்றார். நாற்காலியை உள்ளே எடுத்துப் போடக்கூட மறந்துவிட்டுப் படுக்கப் போனார். இன்னும் தூங்கவில்லை. இருமல் கேட்கிறது.

மொட்டை மாடியில் நின்றால் பாத்திரக் கடையின் மேலே ஒரு ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது. நடந்தால் ஆறு நிமிஷம். தூத்துக்குடி இதைவிடக் கிட்ட இருந்ததுபோல் தோன்றுகிறது.

பையில் புத்தகங்களையும் சீருடை இரண்டையும் வைத்துவிட்டேன். காலையில் அப்பா கேட்டால் சொல்வதற்கு எதுவும் யோசித்து வைக்கவில்லை. குக்கருக்குப் பக்கத்தில் அரிசியை அளந்து மூடி வைத்திருக்கிறேன். ஒரு டம்ளர். ஓர் ஆளுக்கு அது போதும்.